தமெகிச்சியின் பெயர் மேல் ஒரு பெருக்கல் குறி

கறையான் மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நேவுசா வீட்டுக் கூடத்துச் சுவரில் ஈரம் ஏறி, கறையான் மண் கட்டிக்கொண்டு, செத்தவர்களுக்கென்று வைத்திருந்த மர அலமாரியின் கால்வரை வந்துவிட்டது. தினமும் காலையில் ஒரு கிண்ணம் சோறும் ஒரு சின்னக் கோப்பையில் கடுங்காப்பியும் வைத்துக் கும்பிடுகிற அலமாரி. அதைப் போய்க் கறையானுக்குக் கொடுக்க முடியுமா? அவளும் அவள் புருஷன் வால்டிரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தினார்கள். பின்பலகையில் ஒட்டியிருந்த பழுப்பு உறை ஒன்று பசை காய்ந்து பொத்தென்று தரையில் விழுந்தது.

உள்ளே ஒரே ஒரு தாள். முழுக்க ஜப்பான் எழுத்து, அதுவும் கையால் எழுதியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு ஆள் போலிருந்தது. இடது கட்டம் சுத்தமாக இருந்தது. வலது கட்டத்தில் பெயரின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

நேவுசாவுக்கு ஜப்பான் பாஷை தெரியாதென்று சொல்லிவிட முடியாது. சோறு, டீ, "வாயை மூடு", "போய்த் தூங்கு" என்கிற அளவுக்குத் தெரியும். மூஞ்சியைப் பார்த்தால் ஜப்பான், நாக்கு முழுக்க பிரேசில். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முப்பது வருஷமாக பாஸ்டெல் பொரித்து விற்கிறாள். புதிதாக வருகிற எவனாவது "ஜப்பான்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டால், "எண்ணெய் கொதிக்குது, தள்ளி நில்லு" என்பாள்.

தாளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அவள் அப்பா மித்சுரு தட்டில் கருப்பு பீன்ஸைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வயது எண்பத்தேழு. கண் மங்கிவிட்டது, ஆனாலும் அவர் பொறுக்கின பீன்ஸில் ஒரு கல் கடிபட்டதில்லை.

"அப்பா, இது என்னது?"

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் சட்டென்று இறுகியது.

"எங்க எடுத்த?"

"அலமாரிக்குப் பின்னாடி ஒட்டியிருந்துச்சு."

"ஒட்டினவன் காரணம் இல்லாமலா ஒட்டியிருப்பான்? போய்த் திரும்ப ஒட்டு."

"நீங்களா ஒட்டினீங்க?"

கிழவர் பீன்ஸ் தட்டுக்குத் திரும்பிக்கொண்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவும் இல்லை. மறுநாளும் அரைவயிறுதான். மூன்றாம் நாள் நேவுசா தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க சாப்பிடற வரைக்கும் நானும் சாப்பிடப் போறதில்ல. எனக்குச் சர்க்கரை இருக்கு, மயங்கி விழுந்தா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அது உங்க தாத்தா பேரு. தமெகிச்சி. அடிச்சிருக்கறதைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"வீட்டை விட்டு நீக்கிட்டாங்க. பெத்த தாயே நீக்கிட்டா."

நேவுசாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அலமாரியின் கீழறையில் வெள்ளைக் காகிதப் பொட்டலத்தில் இருக்கிற தாத்தாவின் முடிதான். தாத்தா சாகும்போது கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்: ஜப்பானில் தன் அம்மாவின் சமாதியில் தன் முடியையாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மித்சுருவும் கையைப் பிடித்துச் சரியென்றார். அதற்கப்புறம் யார் கேட்டாலும் "அடுத்த வருஷம்" என்பார். ஐம்பது அடுத்த வருஷம் போய்விட்டது. அப்பாவுக்கு அலட்சியம் என்றுதான் நேவுசா நினைத்திருந்தாள்.

"எங்கப்பா செத்த மறு வருஷம், முடியைக் கொண்டுபோகலாம்னு நம்ம ஜப்பான்காரங்க கொலோனியாவுல விவரம் தெரிஞ்ச ஒருத்தரை விட்டு ஜப்பானுக்கு எழுதச் சொன்னேன். ஊர் ஆபீஸ்ல இருக்கிற குடும்பப் பதிவேட்டுல அப்பா பேர் இருக்கிற பக்கத்தைக் கேட்டிருந்தோம். இதுதான் வந்துச்சு. பிரிச்சுப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடலை."

"அதை அவர்கிட்டயே காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கலாமேப்பா."

"படிக்க என்ன இருக்கு? அப்பா பேரும் சித்தப்பா பேரும் எழுதினா எனக்கு அடையாளம் தெரியும். காப்பித் தோட்டத்துல வளர்ந்தவன் நான். கங்காணி ஆளைத் துரத்தினா நோட்டுல பேர் மேல இப்படித்தான் போடுவான். சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். பக்கத்துல பாரு, எங்கப்பா தம்பி இவாவோ. அவர் பேர் மேல ஒரு கீறல் இருக்கா? எங்கப்பா அஞ்சு வருஷத்துல திரும்பி வரேன்னு சொல்லிட்டுக் கப்பல் ஏறினவர். திரும்பவே இல்ல. குடிச்சா ஒரே பேச்சுத்தான், 'அம்மா என்னை மன்னிக்க மாட்டா'ன்னு. அவ மன்னிக்கலை. அவ்வளவுதான்."

"அந்த ஆள் கேக்கலையா, பதில் வந்துச்சான்னு?"

"வரலைன்னு சொல்லிட்டேன். ஊரெல்லாம் தமுக்கடிக்கவா? உங்கம்மாகிட்டகூடச் சொல்லலை." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "துரத்தினவ சமாதியில போய் அவர் முடியை எப்படி வைக்கறது? நான் போனா அந்தப் பொட்டலத்தை என் சவப்பெட்டியிலேயே வெச்சுடு. கொலோனியாவுல ஒருத்தர்கிட்டயும் இதைக் காட்டக் கூடாது, ஆமா."

படிக்கத் தெரியாததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்தபோது யுத்த காலம். ஜப்பான் பள்ளிக்கூடத்தையெல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். தெருவில் அந்தப் பாஷையைப் பேசினாலே போலீஸ் பிடிக்கும். ஆனால் மானம் ரோஷத்தை மட்டும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அது பரம்பரை பரம்பரையாகப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது.

முகம் தெரியாத ஒரு கொள்ளுப்பாட்டி மேல் இவ்வளவு கோபம் வரும் என்று நேவுசா நினைத்ததே இல்லை. கடல் தாண்டிப் போய் மண்ணோடு மல்லுக்கட்டின மகனை ஒரு கோட்டில் கழித்துவிட முடியுமா? அப்படி என்னதான் தப்புப் பண்ணினார் அந்த மனுஷன்? அதைத் தெரிந்துகொள்ளாமல் அப்பாவை அந்தப் பாரத்தோடு அனுப்பக் கூடாது என்று முடிவு பண்ணினாள்.

முதலில் செல்போனில் தாளைப் படம் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னாள். பழைய தூரிகை எழுத்து, போனுக்குப் பிடிபடவில்லை. "மேற்படி மாடு மூன்றாம் மாதம் கப்பலை மணந்தது" என்று வந்தது.

வால்டிர் எட்டிப் பார்த்தான். "உங்க பரம்பரையில மாடும் உண்டா? கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தரும் சொல்லலையே."

"உன் பரம்பரையில யாரெல்லாம் இருக்காங்கன்னு நான் கேட்டேனா?" என்றாள்.

பிறகு, தன்னைப் போலவே பாஷை தெரியாமல் முன்னோரைத் தேடுகிறவர்கள் கூடிப் பேசுகிற குழு ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்தாள். ஊர் ஆபீசுக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரி அங்கே கிடைத்தது. தாத்தாவின் கிராமம் இரண்டு தடவை பக்கத்து ஊர்களோடு சேர்ந்து பேரே மாறிப்போனதும், இப்போது எந்த ஊர் ஆபீசில் ஏடு இருக்கிறது என்பதும் தெரிந்தது. தாத்தாவின் மரணச் சான்றிதழ், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், தன்னுடையது, மூன்றையும் நகல் எடுத்துக்கொண்டாள். அப்பாவின் பேச்சை மீறவில்லை என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். கொலோனியாவில்தானே காட்டக் கூடாது என்றார். பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆபீஸ் கணக்கில் வராது.

கடிதத்தை எழுதியது வால்டிர். அவனுக்குக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற தொழில். மாதிரியைப் பார்த்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்தான். அச்சில் வார்த்த மாதிரி வந்தது.

"என்ன எழுதியிருக்குன்னே தெரியாம எப்படிய்யா இவ்வளவு அழகா எழுதற?"

"முப்பது வருஷமா பல் டாக்டருக்கெல்லாம் போர்டு எழுதறேன். பல்லைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

கடைசியில் நேவுசா தன் கேள்வியையும் சேர்த்துக்கொண்டாள். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லி போனில் மொழிபெயர்த்து, அதையும் வால்டிரை வரையச் சொன்னாள். 'உமெசாகி தமெகிச்சி என் தாத்தா. பதிவேட்டில் அவர் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது. அவர் என்ன தவறு செய்தார்? அவரை அடித்தது யார்?'

தபாலில் சேர்த்துவிட்டு வந்தபிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. தோண்டப் போய் இதைவிட மோசமாக ஏதாவது கிளம்பினால்? திருட்டு, கொலை என்று ஏதாவது வந்தால்? அப்பா தெரியாமலே போயிருப்பார், நான்தான் கெடுத்தேன் என்று ஆகிவிடாதா? ஏழு வாரம் அவள் பாஸ்டெலில் உப்பு கூடவும் குறையவுமாக இருந்தது. சந்தையில் இரண்டு பேர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்கள்.

எட்டாவது வாரம் வியாழக்கிழமை தபால்காரர் கனமான உறை ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பா பின்கட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். வால்டிர் வேலைக்குப் போயிருந்தான். நேவுசா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை மேஜையில் வைத்துப் பிரித்தாள்.

கற்றையாகத் தாள்கள். ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் யாரோ புண்ணியவான் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி, அவளுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் பெயரையும் பிறந்த வருஷம் செத்த வருஷத்தையும் பென்சிலில் குறித்திருந்தார். ஆனால் அவள் கண் சீட்டுக்குப் போகவில்லை. முதல் பக்கத்தில் பெருக்கல் குறி. புரட்டினாள், அடுத்த பக்கத்தில் மூன்று. அதற்கடுத்ததில் நான்கு. ஆண், பெண், பெரியவர், சின்னவர் என்று புரட்டின வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லை.

குடும்பத்தையே கூண்டோடு துரத்தியிருக்கிறார்களா? இதை எப்படி அப்பாவிடம் காட்டுவேன்? கற்றையை அப்படியே அடுப்பில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் ஒரு சீட்டு கண்ணில் பட்டது. ஹிசா. பிறந்தது 1908, இறந்தது 1910. அந்தப் பெயரின் மேலும் குறி.

இரண்டு வயதுக் குழந்தை. இரண்டு வயதுக் குழந்தை யாருக்கு என்ன துரோகம் செய்திருக்கும்?

பரபரவென்று பக்கங்களைத் திருப்பித் தேடினாள். தோசெ. தாத்தாவின் அம்மா. பெற்ற மகனை அடித்தவள் என்று அப்பா ஐம்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த தோசெ. அவள் பெயரின் மேலும் மூலைக்கு மூலை அதே குறி. பக்கத்தில் 1944 என்று செத்த வருஷம்.

கற்றையின் அடியில் கடிதம் ஒன்று இருந்தது. கணினியில் அடித்தது, போனுக்குச் சுலபமாகப் புரிந்தது. எழுதியவர் சொனோபே என்கிற குமாஸ்தா. நேவுசா ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, சிரிப்பும் அழுகையுமாக அப்படியே கிடந்தாள். பிசைந்து வைத்த மாவு காய்ந்து வெடித்துப்போனது.

வால்டிர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கற்றையை அப்பா மடியில் வைத்தாள். ஜப்பான் எழுத்தைப் பார்த்ததும் கிழவர் முகம் கடுகடுத்தது.

"வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. திட்டறதை அப்புறம் திட்டுங்க. முதல்ல பாருங்க."

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். "எல்லாரையுமா?" என்றார்.

"எல்லாரையும் துரத்தியிருந்தா அந்த வீட்டுக் கதவை யாரு மாமா பூட்டியிருப்பா?" என்றான் வால்டிர்.

"நீ சும்மா இருய்யா. அப்பா, இதைப் பாருங்க. ஹிசா. தாத்தாவோட அக்கா. ரெண்டு வயசுல செத்துப்போச்சு. இதுக்கும் குறி. இந்தச் சீட்டுல இது யாரு, படிங்க."

"தோ...செ." கண்ணாடியை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். "எங்கப்பாவைப் பெத்தவளா? இவளுக்குமா?"

"செத்துட்டாங்கப்பா. அங்க செத்தா குறி போடுவாங்க. கல்யாணம் ஆகிப் போனா போடுவாங்க. தனிக்குடும்பமாப் பதிஞ்சுக்கிட்டாலும் போடுவாங்க. இந்தப் பக்கத்துல இனிமே இவரைத் தேடாதே, வேற பக்கத்துல இருக்கார்னு அர்த்தம். தாத்தா கப்பல் ஏறறதுக்கு நாலு மாசம் முன்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்டுத் தன் பேர்ல தனியாப் பதிஞ்சிருக்கார். அதனால பழைய வீட்டுப் பக்கத்துல குறி. அவ்வளவுதான். போட்டது ஆபீஸ் குமாஸ்தா. யாரும் யாரையும் துரத்தலை."

கிழவர் விடுவதாக இல்லை. "இவாவோவுக்கு ஏன் இல்ல?"

"அவர் வீட்டோடயே இருந்துட்டார், அதனால அந்தப் பக்கத்துல இல்ல. செத்தப்புறம் இங்க பாருங்க, புதுப் பக்கம். அவருக்கும் போட்டாச்சு."

மித்சுரு பார்த்தார். திரும்பத் தோசெ பக்கத்துக்கு வந்தார். ஹிசாவுக்குப் போனார். மறுபடி தோசெ. கண்ணாடியை மடியில் வைத்தார்.

"அஞ்சு நிமிஷ வேலை," என்றார் கடைசியில். "கடுதாசி எழுதிக் குடுத்த அந்த மனுஷன்கிட்ட காட்டியிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பான். ஐம்பது வருஷம் அலமாரிக்குப் பின்னாடி ஒட்டி வெச்சேன். கழுதை. கடைஞ்செடுத்த கழுதை நான்."

"பரம்பரையில மாடு இருக்குன்னு போன் சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான் மாமா," என்றான் வால்டிர்.

கிழவருக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. நேவுசா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த முதுகு இவ்வளவு லேசாக அவள் கைக்குப் பட்டதே இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"முடியை இந்த வருஷமே கொண்டுபோறோம். நீயும் நானும்" என்றார்.

"ஒரு நாளுக்கு மேல ஏரோப்பிளேன்ல உக்காரணும்பா. முட்டி தாங்குமா?"

"எங்கப்பா ஒன்றரை மாசம் கப்பல்ல உக்காந்து வந்தார். நீ இவாவோ வீட்டுக்கு ஒரு கடுதாசி போடு. பேரன், பேத்தி யாராவது இருப்பாங்க. அந்தக் குமாஸ்தாவுக்கும் நல்லதா நாலு வார்த்தை எழுது."

"அவர் வால்டிருக்குத்தான் நல்லதா எழுதியிருக்கார். இவ்வளவு அழகான கையெழுத்தை அவங்க ஆபீஸ்ல பார்த்ததே இல்லையாம்."

வால்டிர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"இன்னும் ஒண்ணு இருக்குப்பா." நேவுசா கற்றையின் கடைசித் தாளை எடுத்து மேலே வைத்தாள். "இது தாத்தா தனியாப் பதிஞ்சுக்கிட்ட பக்கம். தாத்தா, பாட்டி, அப்புறம் நீங்க. நீங்க பிறந்ததை இங்கிருந்தே எழுதிப் போட்டிருக்கார்."

கிழவர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மூன்று பெயர். எதன் மேலும் எந்தக் குறியும் இல்லை.

"அப்பா பேர் மேல ஏன் இல்ல? செத்தா போடுவாங்கன்னு சொன்னியே."

நேவுசா குமாஸ்தாவின் கடிதத்தில் கடைசிப் பத்தியை மெதுவாகப் படித்துக் காட்டினாள். 'தாங்கள் அனுப்பிய சான்றிதழ் மூலம் தமெகிச்சி அவர்கள் 1973-ஆம் ஆண்டே காலமானதை அறிந்தோம். அவர் இறந்த செய்தியை இதுவரை யாரும் எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. ஆகவே எங்கள் ஏட்டில் அவர் இன்றுவரை உயிருடன் இருக்கிறார். அவருடைய மனைவியும் அப்படியே. மகன் கையெழுத்திட்டு அனுப்புவதற்கான படிவத்தை இணைத்துள்ளேன். தங்கள் மனம் ஒப்பும்போது அனுப்பினால் போதும்.'

அப்பா செத்ததை மித்சுரு சொல்லவில்லை, அதனால் ஊர் ஆபீசுக்குத் தெரியவில்லை. அவர்கள் துரத்திவிட்டார்கள் என்று இவர் பேசாமலே இருந்த ஐம்பது வருஷமும், அவர்கள் தமெகிச்சியைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

"நூத்திப் பதிமூணு வயசு ஆகுது அங்க அவருக்கு," என்றார். "பாவம், போதும். ஓய்வெடுக்கட்டும்."

வால்டிர் உள்ளே போய்த் தன் நல்ல பேனாவை எடுத்து வந்தான். "குடுங்க மாமா, நான் அழகா எழுதித் தரேன்."

"நீ வேண்டாம். இதுக்கு மட்டும் என் எழுத்து போதும்." படிவத்தை மடியில் விரித்து, பேனாவை வாங்கிக்கொண்டு மகளைப் பார்த்தார். "எங்க கையெழுத்துப் போடணும்? காட்டு. எங்கப்பாவுக்குக் குறி போடச் சொல்லி நானே கேக்கறேன்."